இறங்க மறுத்த ஸ்டாண்ட்பை

ஞாயிறு மதியம் அக்காவும் தம்பியும் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்கு வேலைக்கு வந்தார்கள். நோயாளிகளின் விவரமெல்லாம் உள்ள பிரைமரி டேட்டாபேஸ் மாடி சர்வரில் இருந்தது. அதை வரிவரியாகப் பிரதியெடுத்தபடி காத்திருக்கும் ஸ்டாண்ட்பை, பேஸ்மென்ட்டில். மாடி சர்வரைப் பழுது பார்த்து முடிக்கும்வரை இரண்டும் இடம் மாற வேண்டும். ஒன்று பிரைமரி பொறுப்பிலிருந்து இறங்கிய பிறகே மற்றது ஏறலாம். இரண்டும் சேர்ந்து ஏறினால் ஒரே நோயாளிக்கு இரண்டு கணக்கு. மருந்து மாறி உயிர் போகும்.

"கீழ போனதும் ஸ்வெட்டர் அண்ணனுக்கு ஒரு வணக்கம் வைடா."

"வச்சா வேலைய அவரே பாத்துப்பாராக்கா?"

ஸ்வெட்டர் அண்ணன் பேஸ்மென்ட்டின் குளிரூட்டிய சர்வர் அறையில் ஆபரேட்டராக இருந்தவர். போன வருடம் அங்கே, மூச்சை அடைக்கும் தீயணைப்பு வாயுவைச் சோதித்த மேனேஜர், உள்ளே ஆள் உண்டா என்று கேட்கவில்லை. கதவு பூட்டிக்கொண்டது. திறந்தபோது கதவின் உட்புறமெங்கும் கீறல்கள். செத்துக் கிடந்த அவர் விரல்களில் நகமில்லை.

கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

மாற்றம் ஒழுங்காக நடந்தது. மாடி இறங்கியது, பேஸ்மென்ட் ஏறியது. பழுதும் பார்த்தாயிற்று. இனி பழையபடி மாற்ற வேண்டும்.

"தம்பி, கீழ உள்ளத இறக்கு," என்று மாடியிலிருந்து போனில் சொன்னாள்.

"இறங்க மாட்டேங்குதுக்கா." போனில் அவன் குரல் தணிந்தது. "இங்க ரத்த நாத்தம் அடிக்குது. யாரோ மூச்சு வாங்குறாங்க."

கதவு அறைந்து பூட்டிக்கொண்டது.

எலும்பு முறிந்தது.

"அக்கா! என் கை!"

இரும்புச் சட்டத்தில் மண்டை மோதும் சத்தம். மறுபடியும். மறுபடியும்.

"மாடிய ஏத்தும்மா! அது இறங்குனா என்ன, இறங்காட்டி என்ன?" என்று அவள் பக்கத்தில் நின்ற மேனேஜர் கத்தினார்.

"வார்டுல படுத்திருக்கிறவங்க என்ன சார் பாவம் பண்ணாங்க?"

அவள் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அன்னைக்கு உங்கள யாரும் கேக்கல. தப்புதான். நான் இப்ப கேக்குறேன். நீங்களே பிரைமரியா இருங்க. என் தம்பிய விட்டுடுங்கண்ணே."

மோதல் நின்றது.

பூட்டு திறந்துகொண்டது. முகமெல்லாம் ரத்தமாக, தொங்கும் கையைப் பிடித்தபடி தம்பி படியேறி வந்தான். அவள் கடவுளுக்கு நன்றி சொல்லி அவனைத் தாங்கிக்கொண்டாள்.

மேனேஜர் விடவில்லை. மறுநாள் பேஸ்மென்ட் சர்வரைக் கழற்றி, சம்மட்டியால் உடைத்து, லாரியில் அனுப்பினார்.

"பேயாவது பிசாசாவது! இப்ப மாடிய ஏத்து."

அவள் திரையைப் பார்த்தாள். மாடி சர்வர் இன்னும் ஸ்டாண்ட்பையாகவே இருந்தது. பிரைமரியிடமிருந்து வரிகளை வாங்கிக்கொண்டிருந்தது.

எந்தப் பிரைமரி?

புதிதாக ஒரு வரி வந்தது. மேனேஜரின் பெயர். இறந்த காரணம், மூச்சடைப்பு. இறந்த நேரம் மட்டும் காலி.

"சார், அவர்கிட்ட மன்னிப்பு கேட்டுடுங்க," என்று கிசுகிசுத்தாள்.

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் அடைத்தது. கை கழுத்துக்குப் போனது.

காலியிடத்தில் எண்கள் விழத் தொடங்கின.