மச்சினன் எடை

மச்சினன் உட்கார்ந்த தராசின் முள் ஐம்பத்தாறு கிலோவில் வந்து நின்றது. குதிரை ஏறப் போகும்போது காட்டிய அதே ஐம்பத்தாறு.

அது நடக்கவே கூடாது. பந்தயத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு ஜாக்கியும் தன் சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு இந்தத் தராசில் உட்கார வேண்டும். திரும்பி வரும்போது ஒரு கிலோ குறைந்தாலும் ஜெயித்தது செல்லாது. மச்சினனின் சேணப் பையிலிருந்து யாருக்கும் தெரியாமல், எடைக்காக வைத்திருந்த இரண்டு கிலோ ஈயத் தகடுகளை அவன் உருவியிருந்தான். அவை அவனுடைய பெட்டிக்குள், அழுக்குச் சட்டைக்கு அடியில், சில்லென்று கிடந்தன. ஆனாலும் எடை கிளார்க் சரி என்று தலையாட்டிவிட்டார். வெளியே டிக்கெட்டுகளை ஆட்டியபடி கூட்டம் மச்சினனின் குதிரை நம்பரைக் கத்திக்கொண்டிருந்தது.

அவன் பதினெட்டு வருஷ ஜாக்கி. மனைவியின் தம்பிக்கு லாயத்தில் வேலை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான். இப்போது நல்ல குதிரை எது வந்தாலும் டிரெயினர் மச்சினனைத்தான் தேடினார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது சாப்பாட்டு மேசை. அக்கா பரிமாறப் பரிமாற மச்சினன் மூன்று தட்டு காலி செய்வான். மறுநாள் கூசாமல் நாற்பத்தெட்டு கிலோவில் வந்து நிற்பான். அவனோ குடிக்கிற தண்ணீரை அளந்து குடித்து, வெந்நீர்த் தொட்டியில் வெந்து, ஐம்பத்து மூன்றைத் தாண்டாமலிருக்க நாய்படாத பாடு பட்டான். மச்சினன் உடம்பு லேசாம், அதனால் ஈயம் சேர்த்து எடையைக் கூட்டுகிறார்களாம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அடுத்த வாரம் அவன் தராசில் உட்கார்ந்தபோது அவனுடைய எடை இரண்டு கிலோ இறங்கியிருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. வேறு யாராவது என்றால் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். எடை குறைந்ததற்கு ஒரு ஜாக்கி எதற்குப் பயப்பட வேண்டும்? அன்று வீட்டில் வயிறாரச் சாப்பிட்டான்.

மறுபடியும் உருவினான். எடை பார்த்த சேணங்களை டிரெயினரின் ஆள் வந்து எடுத்துப் போகும்வரை பலகையில் வைத்திருப்பார்கள்; அந்த இரண்டு நிமிஷம் போதும். மறுபடியும் மச்சினன் ஜெயித்தான், மறுபடியும் முள் சரியாக நின்றது. இப்படியே ஆறு பந்தயம். எடுக்க எடுக்க அதிர்ஷ்டம் அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்தது. ஐம்பத்து மூன்றாக இருந்த அவன் எடை நாற்பத்தொன்றுக்கு வந்துவிட்டது. கண்ணாடியில் அதே கன்னம், அதே தோள், ஓர் எலும்புகூடத் துருத்தவில்லை. ஆனால் லாயத்து வாசலில், மழையில் ஊறிய மண்ணில், மற்றவர்களின் பூட்ஸ் புதைந்த தடங்களுக்கு நடுவே அவன் நடந்த தடம் மட்டும் இல்லை. அவன் காலடியில் வைக்கோல் சரசரக்கவில்லை. பழகிய குதிரைகள் அவன் குரலுக்குக் காதைத் திருப்பவில்லை. அவன் கை பட்ட இடத்தில் ஈ உட்கார்ந்த மாதிரி தோலைச் சிலிர்த்துக்கொண்டு தீனியில் மூக்கை நுழைத்தன.

"எப்ப வந்து படுத்தீங்க?" என்று ஒருநாள் காலையில் மனைவி கேட்டாள். "பக்கத்துல ஆள் இருக்கிறதே தெரியல."

அவன் பயந்துபோனான். போதும், விட்டுத் தொலைக்கலாம் என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் மச்சினன் வந்து மேசையில் உட்கார்ந்தான்.

"என்னன்னே தெரியல மாமா, இப்பல்லாம் குதிரை மேல ஏறினா யாரோ பின்னாடி உட்கார்ந்து என்னை இறுக்கிப் பிடிச்சிருக்கிற மாதிரி இருக்கு. விழவே மாட்டேன்னு தைரியம் வருது."

மனைவி சிரித்துக்கொண்டே தம்பியின் தட்டை மறுபடி நிரப்பினாள். அவ்வளவுதான், அவனுடைய பயம் போன இடம் தெரியவில்லை.

அன்று மதியம் பெரிய பந்தயம். மச்சினன் மூன்றாம் நம்பர், அவன் ஏழு. ஜெயிப்பவனுக்கு வருஷம் முழுக்கப் பெரிய லாயத்தின் குதிரைகள் கிடைக்கும். தோற்றால் அவனுக்கு இனி ஒரு குதிரையும் இல்லை. அவனுடைய சேணத்தில் ஈயத்தை அடுக்கி அடுக்கி எடை கிளார்க் களைத்துப்போனார், தராசை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். பலகையில் மச்சினனின் சேணம் தனியாக இருந்தது. இந்த முறை கை கணக்குப் பார்க்கவில்லை. இருந்த ஆறு தகடுகளையும் உருவினான்.

கதவு திறந்தது. குதிரை பாய்ந்தது.

குளம்புச் சத்தம், வியர்வை நாற்றம், கண்ணை நோக்கித் தெறிக்கும் மண். மண் கண்ணில் விழவில்லை. காற்று முகத்தில் மோதவில்லை. உடம்புக்குள் நுழைந்து பின்னால் போனது. எவ்வளவு லேசு. ஐந்தைத் தாண்டினான். இரண்டைத் தாண்டினான். மூன்றை நெருங்கினான். தாண்டினான். மச்சினனைத் தாண்டிவிட்டான். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மச்சினன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சேணத்தைப் பார்த்தான். வாய் பிளந்திருந்தது.

கோட்டை முதலில் தொட்டது ஏழு. கூட்டம் மூன்று, மூன்று என்றே கத்தியது.

ஒலிபெருக்கி கரகரத்தது. ஏழாம் நம்பர் ஆளில்லாமல் வந்திருக்கிறது, ஆளில்லாத குதிரை கணக்கில் வராது, ஜெயித்தது மூன்று.

கத்தினான். சத்தம் வரவில்லை. கடிவாளத்தை இழுத்தான். குதிரை நிற்கவில்லை. குனிந்து பார்த்தான். கால் நுழைத்திருந்த அங்கவடிகள் இரண்டும் குதிரையின் விலாவில் இடித்து இடித்து ஆடின. லாயக்காரர் ஓடிவந்து குதிரையைப் பிடித்தார். வளைவில், ஓரப் புல்லில், ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் யாரையோ தேடினார்கள்.

மச்சினன் குதித்து இறங்கி ஓடிவந்தான். ஜெயித்தவன் முகமாகவே இல்லை. அழுதுகொண்டே கையை நீட்டிச் சேணத்தின் மேல் வைத்தான். அவன் வயிறு இருந்த இடத்தின் வழியாக.

"இன்னும் சூடா இருக்கு" என்றான் மச்சினன்.