நடுவில் நின்ற முள்

காத்தான்குடி வாவிக்கரையில் சாலிஹின் கராஜ். கராஜ் என்றால் நாலு தகரமும் உட்கார எண்ணெய் ஊறிய ஒரு வாங்கும்தான். காலை பத்து மணிக்கே வெயில் வறுத்தெடுத்தது. சுலோஜனாவின் பழைய லொறியை அங்கே கட்டி இழுத்து வந்திருந்தார்கள். மூன்று மாதமாக ஓடாத லொறி.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் எந்நேரமும் நடுவிலேயே நிற்கிறது, சென்சரை மாற்றாமல் ஏறமாட்டேன் என்று புதிய சாரதி ஒற்றைக்காலில் நின்றுவிட்டான். லொறி ஓடினால்தான் அவள் வீட்டில் உலை ஏறும்.

முன்பு அது அண்ணன் நல்லரத்தினத்தின் லொறி. அவளுடைய கணவன் உதயரூபன் அதில் கொக்கட்டிச்சோலை வயல்வட்டைகளிலிருந்து நெல் ஏற்றினான். ஒருநாள் வழியில் எஞ்சின் இழுக்காமல் நின்றது. இறங்கி ரேடியேற்றர் மூடியைத் திறந்தான். கொதித்த தண்ணீர் முகத்திலும் நெஞ்சிலும் அடித்தது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தான். கடைசிவரை அவனுக்கு ஒரே பேச்சு.

“முள் நடுவிலதான் நிண்டது, சுலோ.”

குடிவெறியில் திறந்தான், இப்போது உளறுகிறான் என்று அண்ணன் கண்ணீரோடு சொன்னான். ஊர் நம்பியது. அவளும் நம்பித் தொலைத்தாள். செத்தவனைத் திட்டித் திட்டியே அழுதாள். அண்ணன் லொறியை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தபோது தெய்வமென்று கும்பிட்டாள்.

சாலிஹ் தண்ணீரை வடித்தான். பழைய சென்சரைக் கழற்றப்போனவன் அப்படியே நின்றுவிட்டான்.

“இஞ்ச வாங்க புள்ள.”

சென்சருக்குப் போகவேண்டிய வயரை யாரோ வெட்டி, கடலையளவு சாமான் ஒன்றை வைத்து, எஞ்சின் உடம்போடு முறுக்கியிருந்தார்கள். இப்படிச் செய்தால் எஞ்சின் எரிந்தாலும் முள் நடுவைவிட்டு அசையாது, கொதிக்கிற வண்டியை ஏமாற்றி விற்கிறவர்களின் வேலை இது என்றான். பிறகு குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்.

“உங்கட அண்ணன் போன வருஷம் இதச் செய்யச் சொல்லி என்னட்டத்தான் முதல்ல வந்தார். நான் மாட்டன் எண்டுட்டன்.”

அவள் முறுக்கிய வயரைத் தொட்டுப் பார்த்தாள். கூடப் பிறந்தவன். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டு, பிணத்தின்மேல் குடிகாரப் பட்டமும் கட்டிவிட்டானே பாவி.

சாலிஹ் அந்தச் சாமானைப் பிடுங்கி எறிந்தான். புதிய சென்சரைப் பூட்டினான். வாளியால் ரேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கினான். வயரை இன்னும் கொழுவவில்லை, முள் அடியில் கிடக்கிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னான்.

அவள் சாரதி இருக்கையில் ஏறினாள். முள் அடியில்தான் கிடந்தது.

பிறகு அசைந்தது.

எஞ்சின் ஓடவில்லை. வயர் அந்தரத்தில் தொங்கியது.

முள் நடுவைத் தாண்டியது.

தீக்காயத்துக்குப் பூசும் களிம்பின் மணம் எழுந்தது. ஒன்பது நாள் அவள் மூக்கிலேயே கிடந்த மணம். பக்கத்து இருக்கையில் யாரோ சிரமப்பட்டு மூச்சிழுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முள் சிவப்பில் முட்டி நின்றது.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். தங்கை லொறியை இங்கே கொண்டுவந்ததைக் கேள்விப்பட்டு நல்லரத்தினம் விழுந்தடித்து வந்திருந்தான். வியர்த்த முகத்தோடு சிரித்தான். இதற்கேன் வீண்செலவு, ஒரு பழுதுமில்லையே என்றபடி எஞ்சினருகே வந்தான். திறந்து நின்ற பொனட் அவனை மறைத்தது. குரல் மட்டும் கேட்டது.

“தங்கச்சி, முள் எங்க நிக்குது?”

பக்கத்து மூச்சு நின்றது. அதுவும் காத்திருந்தது.

சிவப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பிவிடுவான்.

“நடுவிலதான் நிக்குது அண்ணா.”

சாலிஹ் திடுக்கிட்டு நிமிர்ந்தான். நல்லரத்தினம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது அவளுக்கே கேட்டது. செய்த களவு பிடிபடவில்லை என்ற தெம்பில், தண்ணீர் காணுமா பார்ப்போம் என்று மூடியில் கைவைத்துத் திருகினான்.

அலறல் வாவி வரைக்கும் போயிருக்கும்.

சாலிஹ் அவனிடம் ஓடினான். அண்ணனின் முகமும் நெஞ்சும் தோலுரிந்து கொப்புளித்திருந்தன. சாலிஹ் அவன் நனைந்த சட்டையைப் பிடித்துப் பார்த்து, கையை உதறிப் பின்வாங்கினான்.

“பச்சத் தண்ணி, புள்ள. இது பச்சத் தண்ணி.”

சுலோஜனா சாவியைக் கழற்றிக் கையில் எடுத்தாள். பக்கத்தில் மூச்சு மறுபடி தொடங்கியது, இப்போது அவள் காதோரம்.

முள் இறங்கவில்லை.