பதினொரு மாடும் ஒரு கதிரையும்

நோர்வேக்காரர் ஏரிக்கரையில் கதிரை போட்டு வைக்கிற சனமாக்கும் என்றுதான் சிவசுப்பிரமணியம் முதலில் நினைத்தார்.

மகன் கிருஷாந்தன் கோடை விடுமுறைக்கு மனைவியையும் ஆறு வயது மகள் அபிசாவையும் காரில் ஏற்றிக்கொண்டு அந்த நாட்டு மலைப்பக்கம் சுற்றப் புறப்பட்டிருந்தான். கார் நிற்கிற இடமெல்லாம் ஒரு படம் எடுத்து, அடம்பனில் தனியே இருக்கும் தகப்பனின் போனுக்கு அனுப்பினான். காலையில் வந்த படத்தில் ஓர் ஏரி, சிவப்புப் பலகை வீடு, காதில் இலக்கம் குத்திய மூன்று ஆடு. ஏரியின் அக்கரையில், தீக்குச்சித் தலையளவில், ஒரு கதிரை. இராப் பத்து மணிக்கும் வெயில் எறிக்கிற, ஆட்டுக்கும் அடையாள அட்டை கொடுக்கிற தேசம். களைத்தவனுக்கு ஒரு கதிரை போடாதா? இந்த நியாயம் அவருக்குத் திருப்தியாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பசுவுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

இரண்டாவது படத்தில் அபிசா ஐஸ்கிறீமோடு நின்றாள். கதிரை இக்கரைக்கு வந்திருந்தது.

இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தார். தேக்கங்கதிரை. இடது கை முறிந்து, கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. ஏழு சுற்று. அவர் எண்ணவில்லை, சுற்றியவருக்கு எண்ணத் தேவையில்லை.

வெளியே கச்சான் காற்று, மீள்குடியேற்றத்துக்குத் தந்த கூரைத் தகரத்தின் ஒரு மூலையை விடாமல் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது; புழுதி மணமும் சாணி மணமும் கதவிடுக்கால் வந்து, அவற்றின் பின்னால், வீட்டில் ஒரு மணி நெல்லும் இல்லாத நேரத்தில், வெயிலில் காய்ந்த நெல்மூட்டையின் மணமும் வந்தது.

அந்த மணம் அவருக்கு ஆகாது.

ஐந்து வருடத்துக்கு முன்னால், போரின் செல் குண்டுச் சத்தம் கிட்டக் கிட்ட வந்த ஒரு சித்திரைக் காலையில், அவருடைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பன்னிரண்டு நெல்மூட்டைக்குத்தான் இடம் இருந்தது. பன்னிரண்டு மூட்டையையும் ஏற்றினார். அக்கா சிவபாக்கியம் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவ. கதிரையில் இருத்தி, சரிந்து விழாமல் மஞ்சள் சேலைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவது தினமும் அவர் செய்கிற வேலை. அன்றைக்கும் கட்டினார். கலியாணமே செய்யாமல் அவரை வளர்த்த அக்கா, ஒற்றைக் கையாலும் பல்லாலும் தன் கொண்டையை முடிந்தபடி சொன்னா: "நெல்லை இறக்கிப்போட்டு வா, தம்பி. மாடுகளை அவிழ்த்துவிட்டிட்டுப் போ. கட்டினபடி கிடந்து சாகும், பாவம்."

"மத்தியானத்துக்குள்ள வாறன், அக்கா."

பதினொரு மாட்டையும் அவிழ்த்துவிட்டார். இலுப்பைக்கடவையில் நெல்லை இறக்கினார். வீதி பின்னேரம் வரைக்கும் திறந்துதான் கிடந்தது. பக்கத்து வீட்டுச் செல்வநாயகம் திரும்பிப் போய்த் தன்னுடைய கோழிகளைக்கூடக் கூட்டோடு கொண்டுவந்தான். சிவசுப்பிரமணியம் நெல்மூட்டையில் சாய்ந்து, திரும்பிப் போகப் பயந்து, கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது. பொழுதுபட வீதி மூடிப்போனது.

அக்கா எங்கே என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில். "செல் பட்டது. கண்ணால கண்டனான்." மகனுக்கும் அதுதான்.

திரும்பி வந்தபோது ஓடு இல்லை, கதவு இல்லை, அக்கா இல்லை. கதிரையும் இல்லை. கள்ளர் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதுவும் திருப்தியான நியாயமாகத்தான் இருந்தது.

பின்னேரம் மூன்று மணிக்கு அடுத்த படம் வந்தது. மலை வீதி. கார். சிரிக்கும் அபிசா. அவளுக்குப் பின்னால் பத்தடியில் கதிரை, முதுகைக் காட்டியபடி. அதில் ஆள் இருந்தது. நரைத்த கொண்டை. முதுகில் மஞ்சள் முடிச்சு.

நீல பிளாஸ்டிக் கதிரையில் பொத்தென்று இருந்து, மகனுக்கு அழைத்தார்.

"தம்பி, உங்களுக்குப் பின்னால ஆரும் இருக்கினமோ?"

"இஞ்ச ஆரப்பா? அஞ்சு மைலுக்கு ஒரு வீடு. ஆட்டைக் கண்டாலே நாங்கள் இறங்கிச் சுகம் விசாரிக்கிறம்." மகன் சிரித்தான். "இவள் அபிசாவும் காலமை தொடக்கம் உதே கதைதான். கதிரையில ஒரு அன்ரியாம். உங்களைத் தெரியுமாம்."

போனைப் பிள்ளை பறித்துக்கொண்டாள். "அப்பப்பா! அந்த அன்ரியைக் கட்டி வச்சிருக்கு. நான் அவிழ்த்துவிடவோ?"

தகரம் ஒருமுறை அடித்தது.

"அப்பப்பா? அவிழ்க்கவோ, வேண்டாமோ? அவ உங்களிட்டக் கேக்கச் சொல்லுறா."

"அப்பிடி ஒருத்தரும் இல்லை. கிட்டப் போகாத. காருக்குள்ள ஏறு பிள்ளை."

மகனின் குரல் இப்போது சிரிக்கவில்லை. "அப்பா, இவள் சொல்லுறதைக் கேட்டா எனக்குச் சிவபாக்கியம் மாமியின்ர ஞாபகம்தான் வருது. ஒரு பக்கக் கை ஏலாதாம். மாமியை நீங்கள் கட்டித்தானே இருத்துறனீங்கள்? அண்டைக்கு என்னப்பா நடந்தது?"

சொல்லிவிடலாம். இரண்டு வசனம். ஐந்து வருடமாக நாக்கின் கீழே கிடக்கிற இரண்டு வசனம்.

"செல் பட்டது. கண்ணால கண்டனான்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். பிறகு, வெகு தூரத்திலிருந்து, அபிசா.

"நான் அவிழ்த்திட்டன், அப்பப்பா!"

அழைப்பு அறுந்தது.

மகனைத் திரும்ப எடுத்தார். எடுபடவில்லை. ஒரு படம் மட்டும் வந்தது. கார், மகன், மருமகள், அபிசா. எல்லோரும் சுகமாக நின்றார்கள். பின்னால் வெறும் கதிரை. மஞ்சள் சேலைத் துண்டைக் காணவில்லை.

பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மூச்சு விட்டார்.

அப்போதுதான் தகரம் அடிக்கவில்லை என்பது தெரிந்தது. கச்சான் நின்றிருந்தது. ஆடி மாதத்தில், பட்டப்பகலில், ஓர் இலை அசையவில்லை. மாட்டு மணி ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று. யன்னலால் பார்த்தார். வேலியோரம் மாடுகள் வரிசையாக நின்றன. கழுத்தில் கயிறில்லாத மாடுகள். மேயவில்லை. அவரைத்தான் பார்த்தன.

எண்ணவில்லை. தேவையில்லை.

எழும்ப நினைத்து, கதிரையின் கையைப் பிடித்தார்.

கம்பி.

ஏழு சுற்று.

இடுப்பில் துணி வந்து விழுந்தது. மெத்தென்று. வெயிலில் காய்ந்த துணி. வயிற்றைச் சுற்றி இறுகியது. முதுகுப் பக்கம் யாரோ முடிச்சுப் போடுகிறார்கள். மெதுவாக. ஒரு கை மட்டும். மற்றத் தலைப்பைப் பல்லால் கடித்து இழுக்கிற மூச்சு, பிடரியில் சுட்டது.

இன்னும் ஒரு இழுவை.

சரி பார்ப்பது போல ஒரு தட்டு.

முற்றத்தில் லான்ட்மாஸ்டர் ஒன்று இருமி, ஸ்டார்ட் ஆகியது. அவரிடம் இப்போது லான்ட்மாஸ்டர் இல்லை.

"இருந்துகொள், தம்பி," என்றது காதோரம், மிகுந்த அன்போடு. "மத்தியானத்துக்குள்ள வாறன்."

சத்தம் ஒழுங்கையால் இறங்கி, வீதியில் ஏறி, இலுப்பைக்கடவைப் பக்கமாகத் தேய்ந்து தேய்ந்து போனது. மணி மூன்றரை. வேலியோரத்து மாடுகள், ஒன்றன் பின் ஒன்றாக, திரும்பி நடக்கத் தொடங்கின.