பத்து எண்ணும் வரை

பிளக் மாட்டாத, சளி உறிஞ்சும் சக்‌ஷன் மெஷினின் ஜாடிக்குள் ஏதோ 'களக்' என்றது. நர்ஸ் குனிந்து பார்த்தாள். காலையில்தான் கழுவியிருந்தாள், ஆனாலும் அடியில் ஒரு விரற்கடைக்கு, ஆறிப்போன கஞ்சி மாதிரி மஞ்சளாக ஏதோ படிந்து கிடந்தது.

மறுபடி கழுவ நேரமில்லை. மாடி ஹாலில், ஆஸ்பத்திரியின் ஆண்டு விழாவில், நோயாளியின் மூச்சே தன் மூச்சு என்று ஐம்பது நிமிடமாக முழங்கிக்கொண்டிருந்த பெரிய டாக்டர், மைக்கை விட மனமில்லாமல் வாய் நிறைய கேக்கோடு நான்காவது முறையாக "சுருக்கமாகச் சொன்னால்" என்று ஆரம்பித்தபோது புரையேறி, வாந்தியெடுத்து, அதுவும் தொண்டையில் அடைத்துக்கொள்ள, கோட்டில் குத்திய ரோஜாவோடு ஸ்ட்ரெச்சரில் வந்து சேர்ந்தார். முகம் நீலம். புளித்த பாலும் வெனிலாவும் பித்தமும் கலந்த வாடை அறை முழுக்கப் பிசுபிசுத்தது.

"கோட்டுல கறை படாம சிஸ்டர், அத்தானுக்கு இன்னும் போட்டோ பாக்கி இருக்கு," என்றார் மேனேஜர். டாக்டர் மனைவியின் தம்பி.

"மொதல்ல உசுரு பாக்கி இருக்கான்னு பாப்போம் சார். உங்க மூக்கை விட்டுட்டு அவர் தலையைப் பிடிங்க, ஒருக்களிச்சு."

பிளக்கை மாட்டினாள். தொண்டைக்குள் குழாயை விடும்போதெல்லாம் அவளும் மூச்சை அடக்கிக்கொள்வாள். நோயாளி மூச்சை இழுத்த பிறகுதான் அவளும் இழுப்பாள். பயிற்சிக் காலத்துப் பழக்கம். பத்து எண்ணுவதற்குள் உருவிவிட வேண்டும். தனக்கு முட்டினால் நோயாளிக்கும் முட்டுகிறது என்று அர்த்தம்.

ஒன்று. இரண்டு. கோழையில் ஊறிய கேக் கட்டி கட்டியாக வந்தது. நான்கு. சளி நூல் நூலாக நீண்டு, புழு மாதிரி நெளிந்து குழாயில் ஏறியது. ஆறு. ஜாடி பாதி நிறைந்துவிட்டது. ஒரு தொண்டையில் இவ்வளவா? எட்டு. வழவழவென்று ஏதோ ஒரு கொத்து கழன்றது.

'ளொப்.'

குழாயை உருவினாள். மெஷினை அணைத்தாள். தொண்டை சுத்தம். நெஞ்சு அசையவில்லை.

முகத்தில் மாஸ்க்கை வைத்து, காற்றுப் பையை அழுத்தினாள். நெஞ்சு ஏறவில்லை.

ஜாடியில் நுரை ஏறியது.

மறுபடி அழுத்தினாள். நுரைதான் ஏறியது. கையை எடுத்தாள். அப்போதும் ஏறியது. இறங்கியது. சீராக.

"களக்... சுருக்கமாகச் சொன்னால்..."

ஜாடியிலிருந்து.

"பேசறாரு! அத்தான் பேசறாரு!" மேனேஜர் பழக்கதோஷத்தில் கைதட்டினார்.

கட்டிலில் டாக்டரின் வாய் திறந்தே கிடந்தது. காலியாக. ஜாடியின் துவாரத்திலிருந்து வெதுவெதுப்பாக ஒரு மூச்சு வந்து நர்ஸின் உதட்டில் படிந்தது. வெனிலா. பித்தம்.

நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

அவள் இன்னும் மூச்சை இழுக்கவில்லை. நெஞ்சு எரிந்தது. கண் இருண்டது.

அவள் வாய் தானாகத் திறந்தது.