அழகம்மா பார்க்காத சாரதி

பலாங்கொடையில் மழை பிடித்தால் இலேசில் விடாது. ஒருமுறை மழைக்குக் கடையோரம் ஒதுங்கிய ஒருவர், அந்தக் கடைக்காரரின் மகளைக் கட்டி மூன்று பிள்ளைகளும் பெற்ற பிறகுதான் வானம் வெளுத்தது என்பார்கள். அப்படிப்பட்ட மழையில்தான் கிருஷ்ணராஜ் இப்திகாரின் கராஜுக்குள் நனைந்த கோழியாக வந்து நின்றார். பின்னாலேயே அவருடைய வேனைக் கட்டி இழுத்து வந்தார்கள். அதன் முன்பக்கம் அழுது முடித்த முகம் போலிருந்தது.

இப்திகார் வேனைப் பார்க்கவில்லை. மூலையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த இந்திரகுமாரைப் பார்த்தார். இன்சூரன்ஸ் கம்பெனியொன்றில் வாகனச் சேதம் மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர் இந்திரகுமார். துப்புத் துலக்குவது அவருடைய பொழுதுபோக்கு. அவருக்கு முன்னால் முந்திக்கொண்டு தப்பாகத் துலக்குவது இப்திகாரின் பொழுதுபோக்கு.

"முந்தாநேத்து இருட்டின நேரங்க ஐயா," என்றார் கிருஷ்ணராஜ். "தோட்டத்து லயத்து வீட்டுலேருந்து அழகம்மாவ முன்சீட்ல வச்சு ஆஸ்பத்திரிக்கு எறக்கிக்கிட்டு வந்தேன். தனியாளு, நெஞ்சுச் சளி. வளைவுல ஒரு கார் நேரா வந்து குத்திருச்சு. எனக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சுங்க. நிமிர்ந்து பார்த்தா, ஓட்டினவன் தேயிலைக்குள்ள குதிச்சு ஓடுறான். முதுகுதான் தெரிஞ்சுது."

"கார் யாருது?" என்று கேட்டார் இந்திரகுமார்.

"பஜார்ல ஹார்ட்வெயார் கடை நடராஜா முதலாளியுது. இன்சூரன்ஸ் முடிஞ்சுபோன கார். இன்னைக்குக் காலையில போய்க் கேட்டேன். அவரு கொழும்புல இருந்தாராம், காரை எவனோ களவெடுத்துட்டானாம். கள்ளனப் புடிச்சு அவன்கிட்ட செலவக் கேளுங்கிறாரு."

"உங்க இன்சூரன்ஸ்?"

"தேர்ட் பார்ட்டி மட்டுந்தாங்க. என் வேனுக்கு ஒரு சதம் வராது. வேன் ஓடாட்டி பைனான்ஸ்காரன் தூக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் தோட்டத்து நோயாளிங்கள யாருங்க எறக்குறது?"

இந்திரகுமார் கோப்பையை வைத்துவிட்டுக் குடையை எடுத்தார்.

மூவரும் போய்ப் பார்த்தபோது வளைவில் தேயிலைச் செடிகள் முறிந்து கிடந்தன. செடிகளுக்கடியில் சேற்றில் கரையாமல் கிடந்த கால்தடங்கள் தடுமாறாமல் நேரே இறங்கி, இலைகள் மூடிய கற்படிகளில் போய் மறைந்தன.

"இது எங்க போகுது?"

"குறுக்கு வழிங்க. மெயின் ரோட்டுல போய் விழும். தோட்டத்துக்காரங்களுக்குத்தான் தெரியும்."

"அப்ப தோட்டத்துக் கள்ளன்தான் சேர். முதலாளி பாவம்," என்று இப்திகார் வழக்கை முடித்துவைத்தார். உடனே காலை உதறினார்.

அந்தத் தோட்டத்து அட்டைகள் பேர்போனவை. ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவரை முழுதாக உறிஞ்சிவிட்டுத் தொப்பியை மட்டும் பங்களாவுக்கு அனுப்பிவைத்தன. தொப்பி இன்றும் இருக்கிறது, ஆகவே சந்தேகப்பட இடமில்லை. இப்திகார் அட்டையைப் பிய்த்தெறிந்தார். இரத்தம் வழிந்தது.

"இழுக்காதீங்க இப்திகார் நானா," என்று கிருஷ்ணராஜ் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பெடுத்து, மற்றோர் அட்டையின் மேல் தொட்டார். அது சுருண்டு விழுந்தது. கடிவாயிலும் ஒரு பொட்டு வைத்தார். "அரிப்பு அடங்குற வரைக்கும் வச்சுக்கிட்டே இருங்க. லயத்துல எல்லாருக்கும் இதுதான் மருந்து."

"எங்க மாவனல்லை டவுன்ல தைலந்தான் பூசுவோம்," என்று முனகினார் இப்திகார்.

ஆஸ்பத்திரியில் அழகம்மா கையில் மாவுக்கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"முகத்தப் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டார் இந்திரகுமார்.

"இல்லீங்க. இருட்டு." சுவரை விட்டுத் திரும்பி, "அந்தக் கார்க்காரருக்கு அடிகிடி பட்டுச்சுங்களா?" என்றார்.

"தெரியல. உங்களுக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பையன். எங்கயோ நல்லா இருக்கான்."

நடராஜா முதலாளி தங்கநிறக் கண்ணாடியோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "நாங்க பரம்பரையா கொழும்புக் கடைக்காரங்க. தோட்டத்து மண்ணை மிதிச்சதே இல்ல. இன்னைக்கு விடியத்தான் பஸ்ல வந்து எறங்கினேன்," என்றார். மேசைக்கடியில் ஒரு கால் மற்றக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

இந்திரகுமாரின் குடை கைதவறி விழுந்தது. குனிந்து எடுக்க அவருக்கு வழமைக்கு மாறாக நேரம் பிடித்தது.

"பின்னறைக்குப் போவோமா முதலாளி? இங்க ஆளுங்க இருக்காங்க."

கதவைச் சாத்திய பிறகு சொன்னார்: "உங்க கணுக்கால்ல இருக்கிறது அட்டைக்கடி. கொழும்புல அது கிடைக்காது."

"கொசு."

"கொசுன்னே வச்சுக்குவோம். அதுமேல சுண்ணாம்புப் பொட்டு ஏன்? கொழும்புக் கடைக்காரங்க தைலம் பூசுவாங்க. சுண்ணாம்பைத் தேடுறது லயத்துல வளர்ந்த கை. காரை விட்டு ஓடினவனுக்கும் மூடிக்கிடந்த குறுக்கு வழி இருட்டுல தெரிஞ்சிருக்கு."

நடராஜா அந்தக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. கை முறிஞ்ச அம்மா, முறிச்சவனுக்கு அடிபட்டுச்சான்னு கேட்டாங்க. கள்ளனுக்காக யாரும் அப்படிக் கேக்கமாட்டாங்க."

இப்திகார் வாயைத் திறந்தார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்ப முடியலைன்னு கேள்விப்பட்டேன். இருட்டின பிறகு பார்த்துட்டு வந்துடலாம்னு போனேன். மோதி எறங்கினா, கார் லைட்ல அம்மா முகம். 'ராசா'ன்னாங்க. ஓடிட்டேன்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லித்தான் இங்க பொண்ணு கட்டினேன். வேன் செலவு முழுக்கத் தாறேன். பொலிஸ்லயும் நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடுறேன். அந்த ஒண்ணை மட்டும் வெளிய விடாதீங்க."

"நான் வாகனச் சேதம் மட்டுந்தான் மதிப்பிடுவேன்," என்று இந்திரகுமார் எழுந்தார்.

முதலாளி சொன்னபடி நடந்தார். பொலிஸில் உண்மையை ஒப்புக்கொண்டார், செலவையும் கட்டினார். ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் வரவில்லை. சரிசெய்த வேனின் முதல் ஓட்டம் அழகம்மாவை லயத்துக்கு ஏற்றிப்போவதாக அமைந்தது. இப்திகார் பின்சீட்டில் கூடப் போனார், பெயருக்கு எஞ்சின் சத்தம் கேட்க.

"புதுசாட்டம் இருக்கு," என்று அழகம்மா கதவைத் தடவினார். "யாருங்க காசு குடுத்தது?"

"கடை முதலாளி ஒருத்தர்ம்மா," என்றார் இப்திகார்.

"நல்ல மனுசன்."

வேன் அந்த வளைவைத் தாண்டியது. முறிந்த தேயிலைச் செடிகள் மழையில் நனைந்து கொண்டிருந்தன. அழகம்மா அவற்றையே திரும்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா எறங்கி ஓடினாரு. அட்டை புடிச்சிருக்கும். சுண்ணாம்பு வச்சாரோ என்னமோ."

"வச்சாரும்மா," என்றார் இப்திகார்.