பிரிப்பறை இரைச்சல்

காது கேளாமல் பிறந்து செவிவிதை வைத்த பிள்ளைகளை வகுப்பில் கடைசி வரிசையில்தான் உட்காரவைப்பார்கள். அங்கிருந்தும் அவர்களுக்கு எல்லாம் கேட்கும். காதுக்குள் பதித்த அந்த அரிசியளவு கருவியில் ஒரு சல்லடை உண்டு. பேச்சை மட்டும் நரம்புக்கு விடும். லாரி, மின்விசிறி, மிக்ஸி எல்லாவற்றின் இரைச்சலையும் நிறுத்திவிடும். ஆறு வயது ஆதிரை, மிக்ஸி ஓடும்போதே அடுத்த அறையில் அப்பா முணுமுணுப்பதைக் கேட்டுப் பதில் சொல்வாள்.

அம்மா கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை.

அம்மா தவமணிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. குழந்தைப் பருவத்திலேயே பதித்தால்தான் செவிவிதையை நரம்பு ஏற்கும். அவளுக்கோ முப்பத்திரண்டு வயது. மகளோடு சைகையில்தான் பேச்சு. ஆனால் இந்த வருடம் ஆதிரை தனியாகச் சாலையைக் கடக்கத் தொடங்கியிருந்தாள். முதுகைக் காட்டி ஓடும் பிள்ளையைச் சைகையால் நிறுத்த முடியாது. தவமணி, குரல் எழுவதைத் தோலுக்கு உணர்த்தும் அதிர்வுத்தகட்டைத் தொண்டையில் ஒட்டிக்கொண்டு எட்டு மாதம் ஒரே சொல்லைப் பழகினாள். ‘ஆதி.’ மாடிவீட்டுக்காரர் கேட்டுப் பார்த்துச் சரியென்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய அன்று, மகளுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள். பதினோரு தடவை. ஆதிரை படம் வரைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு செவிவிதை ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். சல்லடைப் பிரிவுப் பொறியாளர் செல்வின் வாசலுக்கே வந்து கையை ஆட்டினான்.

“விரலை மடக்கு தம்பி,” என்று சைகை செய்தாள் தவமணி. “இப்படி நீட்டினா ‘வாங்க’ இல்ல, ‘எருமை’. அஞ்சு வருஷமா என்னை எருமைன்னுதான் கூப்பிடறே.”

“நீங்களும் அஞ்சு வருஷமா திரும்பிப் பாக்கறீங்களேக்கா!”

ஐந்து வருடம் முன்பு அவள் அங்கே ஒலிப்படம் பிரிக்கும் வேலை பார்த்தவள். சல்லடைக்கு எது பேச்சு, எது இரைச்சல் என்று கற்றுக்கொடுக்க லட்சக்கணக்கான ஒலிகளைப் படமாக்கினார்கள். காது கேட்கிறவர்கள் பிரித்தால் ஒலியைப் போட்டுக் கேட்டுக் கதையில் மூழ்கிவிடுகிறார்கள் என்று, காது கேளாத பன்னிரண்டு பேரை வைத்தார்கள். அவர்கள் கண்ணால் மட்டும் பார்த்தார்கள். தவறு குறைவு. அதிலும் ஏழாம் எண் தவமணிக்கு இரண்டு முறை பரிசு.

செல்வின் ஆதிரையின் செவிவிதையைத் திரையோடு இணைத்தான். தவமணி கூப்பிட்டாள். திரையில் ஒரு கோடு துள்ளி எழுந்தது. சல்லடை என்று எழுதிய இடத்தைத் தாண்டியதும் படுத்துவிட்டது.

“எனக்கு நல்லாக் கேக்குதுக்கா. இதுதான் இரைச்சல்னு நிறுத்திடுது.”

“அப்படி யார் சொல்லிக் கொடுத்தது அதுக்கு?”

அவன் பழைய படங்களைத் தேடினான். பிறகு திரையைப் பார்த்தபடியே வாய்க்குள் ஏதோ சொன்னான்.

“கையைத் தூக்கிச் சொல்லு, தம்பி.”

“அலுவலக இரைச்சல் வேணும்னு கூரையில ஒலிவாங்கி வச்சோம். உங்க பிரிப்பறையில. நாலாயிரத்துச் சொச்சம் படம் அங்கிருந்து வந்தது.”

அந்த அறையில் பன்னிரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் தொண்டையிலிருந்து என்ன வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அது படமாகி அவர்களுடைய மேசைக்கே திரும்பி வந்தது.

செல்வின் ஒரு படத்தைத் திறந்தான். தேதியைப் பார்த்ததும் தவமணிக்கு நினைவு வந்தது. ஒரு வயது ஆதிரையை வேலைக்குத் தூக்கி வந்த நாள். மேசை விளிம்புவரை தவழ்ந்துவிட்ட பிள்ளையை ஓடிப்போய்ப் பிடித்தாள். வாய் திறந்திருந்தது நினைவில் இருக்கிறது. கீழே குறிப்பு: இரைச்சல். பிரித்தவர்: 7.

அவள் படத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“பேச்சுன்னா படியா வரி விழும். இதுல இல்ல. கிழிஞ்ச துணி மாதிரி இருக்கு,” என்றாள். “சரியாத்தான் பிரிச்சிருக்கேன்.”

“அக்கா, விடுங்க. இவளுக்கு மட்டும் உங்க குரலுக்குச் சல்லடையைத் திறந்து விடறேன். ரெண்டு நிமிஷம்.”

திறந்தான். ஆதிரை தரையில் உட்கார்ந்து யானைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். தவமணி பின்னால் போய் நின்று, பழகியபடி மூச்சை இழுத்துக் கூப்பிட்டாள்.

ஆதிரை துள்ளி எழுந்தாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சன்னலைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கைகளை விடுவித்துச் சைகையில் சொன்னாள்.

“அம்மா, இங்க என்னமோ கத்துது. பயமா இருக்கு. நல்லவேளை, உனக்குக் கேக்காது.”

“பாப்பா, அது வந்து...” என்று செல்வின் வாயெடுத்தான். தவமணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மறு கையால் சொன்னாள்: “அடைச்சிடு.”

“பழகிடும்க்கா. பத்து நாள்ல...”

“அடைச்சிடு தம்பி.”

அவன் பொத்தானை அழுத்தினான். ஆதிரை சற்று நேரம் காத்திருந்துவிட்டு, “போயிடுச்சும்மா,” என்றாள்.

தவமணி அவள் எதிரே மண்டியிட்டாள். “அது எப்படிக் கத்துச்சு? எனக்கும் காட்டு.”

ஆதிரைக்கு இப்போது பயம் போய்விட்டது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயைக் கோணலாகத் திறந்து, அதைப் போலவே கத்திக் காட்டினாள். தவமணி மகளின் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். முடிந்த பிறகும் எடுக்கவில்லை.