அகார்-அகார் முற்றம்

பொம்பா லோரி பள்ளித் திடலுக்குள் நுழைந்த பிறகு, "வரிசையில நில்லுங்க!" என்று ஆசிரியர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. தீயணைப்பு வண்டியை அவ்வளவு பக்கத்தில் பார்த்தால் யார்தான் வரிசையில் நிற்பார்கள்?

நான்காம் வகுப்பு டொரத்தி எப்படியோ புகுந்து முன்னால் வந்துவிட்டாள். அது 1998ஆம் ஆண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அந்தத் தமிழ்ப்பள்ளிக்கு, ஆண்டு இறுதி விடுமுறை தொடங்க இன்னும் சில நாள்களே இருந்தன.

லோரியிலிருந்து இறங்கியவர் கார்த்திகேசு. டொரத்திக்குப் பக்கத்துத் தெருக்காரர்தான். காலையில் கைலியோடு ரொட்டி வாங்க வருகிறவர், இன்று தலைக்கவசமும் பெரிய பூட்ஸும் போட்டு ஆளே மாறியிருந்தார்.

அவர் ஒரு வாளித் தண்ணீரில் வெள்ளைப் பொடியைக் கொட்டிக் கலக்கினார். தண்ணீர் கொழகொழவென்று கெட்டியானது.

"இதுக்குப் பேரு ஜெல். வெளிநாட்டுலேருந்து வந்த புதுச் சாமான். சும்மா தண்ணி ஊத்துனா பலகையில நிக்காது, வழிஞ்சு ஓடிடும். இது தண்ணியைக் கெட்டியாப் பிடிச்சு வச்சிக்கும்," என்றார்.

இரண்டு பலகைகள். ஒன்றில் மட்டும் ஜெல்லை அப்பினார். பிறகு இரண்டின்மேலும் நெருப்பைக் காட்டினார். வெறும் பலகை சீக்கிரமே கறுத்துப் பற்றிக்கொண்டது. ஜெல் அப்பிய பலகையிலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஆவிதான் வந்தது. நெருப்பை அணைத்து, சற்று ஆறவிட்டு, கார்த்திகேசு ஜெல்லை வழித்துப் போட்டார்.

"யாராவது வந்து தொட்டுப் பாருங்க."

டொரத்தி தொட்டாள். பலகை ஈரமாக, சில்லென்று இருந்தது. ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. அவளுக்கு மெய் சிலிர்த்துவிட்டது. தண்ணீரை ஓடாமல் நிற்க வைத்தால் நெருப்பே தோற்றுப் போகிறதே!

அவள் கேட்க நினைத்ததைக் கேட்பதற்குள் லோரி கிளம்பிவிட்டது. பின்னாலேயே ஓடினாள்.

"சார்! அதை எப்படி சார் கலக்கணும்?"

எஞ்சின் உறுமிய உறுமலில், சன்னல் வழியாக அவர் கத்தியது அவளுக்கு இப்படித்தான் கேட்டது: "அகார்-அகார்லா!"

டொரத்தி வாயைப் பிளந்தாள். அகார்-அகாரா? அம்மா பண்டிகைக்குப் பண்டிகை கடல்பாசியைக் காய்ச்சி இனிப்பாகச் செய்து, துண்டு போட்டுத் தருகிற அந்த அகார்-அகாரா?

அவள் அவ்வளவு ஆவலாகக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக் குடில் எரிந்துபோனது. இயேசு பிறந்த தொழுவம்போல், லாலாங் புல்லில் வேய்ந்த சின்னக் குடில். மெழுகுவத்தி சாய்ந்ததும் புல் பற்றி, திரைச்சீலை பற்றி, சுவரே கறுத்துவிட்டது. அப்பா அந்தோனிப்பிள்ளை ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார். குடிலில் வைத்திருந்த பொம்மைகளில் ஓர் ஆட்டுக்குட்டிச் சுரூபம் மட்டும் கரி பூசிக்கொண்டு தப்பியது.

அன்றே அப்பா சொல்லிவிட்டார்: "இனிமே இந்த வீட்டுல குடிலே கிடையாது."

மின்விளக்குச் சரம் போடலாமே என்று அம்மா ஜோசஃபின் கேட்டதற்கு, "வயர் ஷாட் ஆனா என்ன பண்ணுவ?" என்று அதற்கும் தடை போட்டார்.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம். கரோல் பாடுகிறவர்கள் ஒரு வீட்டுக்கு வந்ததும், அந்த வீட்டின் கடைக்குட்டிதான் குடில் முன்னால் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். அதன் பிறகுதான் பாட்டு. டொரத்திதான் அவர்கள் வீட்டுக் கடைக்குட்டி. குடில் இல்லையென்றால் அவளுக்கு ஏற்றுவதற்கு என்ன இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் அவள் ஜெல் கதையைச் சொல்லி, அகார்-அகார் பூசினால் குடில் எரியாது என்றாள். அண்ணன் சிரிலுக்குப் பதினைந்து வயது. அவன் தலையைத் தடவிக்கொண்டான். தினமும் பாதிப் புட்டி ஜெல் பூசுகிற தலை அது.

"அப்ப என் தலையில தீயே பிடிக்காதுலா!"

டொரத்தி புட்டியைத் திருப்பிப் படித்தாள். "'நெருப்புக்குப் பக்கத்தில் வைக்காதே'ன்னு போட்டிருக்குண்ணே. இது வேற ஜெல்லு."

"அலாமாக்!" என்றான் சிரில். அன்று முழுவதும் அவன் அடுப்படிப் பக்கமே போகவில்லை.

அப்பா மட்டும் யோசித்தார். "சரி, நிரூபிச்சுக் காட்டு. எரியலன்னா குடில் வைக்கலாம்."

அம்மா அகார்-அகார் காய்ச்சினார். டொரத்தி ஒரு பிடி லாலாங் புல்லை அதில் நன்றாகத் தோய்த்து ஆறவிட்டாள். புல்லெல்லாம் பச்சைக் கண்ணாடி போர்த்ததுபோல் ஆனது. கொல்லையில், பக்கத்தில் வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு, அப்பாவே நெருப்பு வைத்தார். வெறும் புல் குப்பென்று எரிந்தது. தோய்த்த புல் 'ஸ்ஸ்' என்றதோடு சரி.

"அட!" என்றார் அப்பா. மறுபடியும் வைத்துப் பார்த்தார். மறுபடியும் "அட!" என்றார். "குடில் வைக்கலாம்."

டொரத்தி கொல்லையை மூன்று முறை சுற்றி ஓடினாள்.

மறுநாள் காலையில் அந்தப் புல்லைப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. அகார்-அகார் காய்ந்து மெல்லிய தோலாகச் சுருங்கிக் கிடந்தது. அம்மா கைப்பழக்கத்தில் சீனியும் போட்டுவிட்டதால் எறும்பு வேறு மொய்த்தது.

சொல்லாமல் இருந்தால் அப்பாவுக்குத் தெரியப் போவதில்லை. குடிலும் கிடைக்கும். ஆனால் டொரத்திக்குக் கறுத்துப்போன சுவர் நினைவுக்கு வந்தது. புல்லை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, இதைத் திரும்பக் கொளுத்திப் பாருங்க."

அப்பா கொளுத்தினார். குப்பென்று எரிந்தது. எறும்புகள் நல்லவேளையாக முன்பே ஓடிவிட்டன.

"தண்ணி இருக்கிற வரைக்கும்தான் காப்பாத்தும்பா. காஞ்சா போச்சு," என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா அவள் தலையை வருடினார். ஆனாலும், "அப்ப குடில் வேணாம்மா," என்றுதான் சொன்னார்.

நாள்கள் போயின. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ஒரு மாலையில் எல்லாரும் அகார்-அகார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டொரத்திக்கு மட்டும் அது இறங்கவில்லை. சிரில் விளையாட்டாக ஒரு பல்குத்தும் குச்சியைத் துண்டின் நடுவே குத்தினான். குச்சி நேராக நின்றது. அவன் சுண்டினான். குச்சி மெல்லச் சாய்ந்து அகார்-அகாரின் மேலேயே படுத்துக்கொண்டது.

டொரத்தி துள்ளி எழுந்தாள்.

"அப்பா! கூரைக்கு எதுக்கு அகார்-அகார்? மெழுகுவத்தி கீழதானே விழும்! கீழ அகார்-அகார் இருந்தா?"

"காஞ்சு போகுமேம்மா?"

"பாட வர்ற அன்னைக்கு மத்தியானமே செஞ்சா காயாது. பாடி முடிக்கிற வரைக்கும் தாங்குனாப் போதும். பெரிய தாம்பாளத்துல ஊத்தணும். மெழுகுவத்தியைக் குட்டையா வெட்டி நடுவுல நடணும். எந்தப் பக்கம் சாஞ்சாலும் தாம்பாளத்துக்குள்ளதான் விழணும். குடிலைத் தள்ளி வைக்கலாம். வாளித் தண்ணியும் வைக்கலாம்!"

அப்பா அவளை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல? வைம்மா," என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை, வீட்டு வாசலருகே குடில் எழுந்தது. அதற்கு முன்னால் பெரிய தாம்பாளம் நிறையப் பச்சை அகார்-அகார், புல்வெளிபோல் பளபளத்தது. ஓரத்தில் அந்தக் கரி ஆட்டுக்குட்டி மேய்ந்துகொண்டிருந்தது.

பாட்டுக் குழு வந்தது. அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள். கார்த்திகேசு சார், கைலியில் இல்லாமல் நல்ல சட்டை போட்டு, மனைவியோடு வந்திருந்தார். டொரத்தி மெழுகுவத்திகளை ஏற்றினாள். பாட்டு தொடங்கியது.

இரண்டாவது பாட்டில் சிரில் உற்சாகமாகிவிட்டான். கித்தாரோடு ஒரு திருப்பம் திரும்பினான். கித்தாரின் முனை பட்டு ஒரு மெழுகுவத்தி குடில் பக்கமாகச் சாய்ந்தது.

சிரில் முதலில் தன் தலையைத்தான் பிடித்துக்கொண்டான். அப்பா வாளியைப் பிடித்தார். பாட்டு நின்றது.

மெழுகுவத்தி அகார்-அகாரில் விழுந்தது. 'ஸ்ஸ்.' ஒரு கீற்றுப் புகை. அவ்வளவுதான். அதே தாம்பாளத்தில் கரி ஆட்டுக்குட்டி நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது.

கைதட்டல் அடங்கியதும் கார்த்திகேசு குனிந்து தாம்பாளத்தைத் தொட்டுப் பார்த்தார். "பிரமாதம்! இதை யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான் சார்!"

"நானா?"

"எப்படிக் கலக்கணும்னு கேட்டதுக்கு, 'அகார்-அகார்லா'ன்னு சொன்னீங்களே?"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடி பொண்ணே! நான் சொன்னது 'அகாக்-அகாக்'! அளவெல்லாம் பார்க்காம, குத்துமதிப்பாப் போட்டுக் கலக்குறதுன்னு!"

எல்லாரும் சிரித்தார்கள். டொரத்தியின் முகம் சிவந்தது.

"ஆனா ஒண்ணு. எங்க ஜெல்லும் காஞ்சா அவ்வளவுதான். அதை நான் பள்ளியில சொல்ல மறந்துட்டேன். நீயாவே கண்டுபிடிச்சிருக்க பாரு!" என்று சொல்லி, கார்த்திகேசு அவளுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். உண்மையான பொம்பா சல்யூட்.

அதற்குள் அம்மா, விருந்தாளிகளுக்காகத் தனியாகச் செய்திருந்த அகார்-அகாரைத் தட்டில் கொண்டுவந்தார். கார்த்திகேசு ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார்.

"என்ன ருசி! சீனி எவ்வளவு போட்டீங்க?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் டொரத்தி முந்திக்கொண்டாள்.

"அகாக்-அகாக்லா, சார்!"